டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டம்: சிவப்பு அட்டையைக் காட்டினால் பேச்சை நிறுத்திவிட வேண்டுமா?

நூல்கண்டு | ஞாயிறு, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தால் மணிக்கணக்கில் பேசுவேன். ஆறு பேர் உட்கார்ந்துவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பஞ்சு கொள்முதல் பற்றி நான் மூன்று நாள் உட்கார்ந்து போட்ட கணக்கைப் போன மாதக் கூட்டத்தில் சொல்ல முடியாமல் திணறினேன். இரண்டு வருடம் முன்பு வேலைக்குச் சேர்ந்த பையன் எழுந்து விளக்கினான். நன்றாகவே விளக்கினான். அதுதான் வலித்தது.

நண்பர் ஒருவர் தமிழில் நடக்கும் ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்துக்கு, அதாவது மேடையில் பேசிப் பழகும் மன்றத்துக்கு, அழைத்துப் போனார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை பத்து மணி. இன்று மூன்றாவது முறையாக விருந்தினராகப் போய்விட்டு வந்தேன். விருந்தினருக்குப் பணம் கேட்கவில்லை, சுண்டலும் தேநீரும் கொடுத்தார்கள். குறை சொல்ல எனக்கு உரிமை இல்லைதான். இருந்தாலும் சில விஷயங்கள் உறுத்துகின்றன.

யார் எதற்கு எழுந்தாலும் கைதட்டுகிறார்கள். பேசி முடித்தவர், அடுத்தவர் வந்து கைகுலுக்கும்வரை மேடையை விட்டு இறங்குவதில்லை. ஒருவர் நாம் எத்தனை முறை 'அ...' என்று இழுத்தோம், எத்தனை முறை 'வந்து' போட்டோம் என்று எண்ணிக் குறித்துக்கொள்கிறார். இன்னொருவர் 'இன்றைய சொல்' என்று கூட்டத் தொடக்கத்தில் ஒரு சொல்லைக் கொடுக்கிறார், அதை எல்லோரும் பேச்சில் பயன்படுத்த வேண்டுமாம். இன்று 'நெகிழ்ச்சி'. இடைவேளை அறிவித்தவர் "நெகிழ்ச்சியான சுண்டல் காத்திருக்கிறது" என்றார். சரி, அதெல்லாம் விளையாட்டு.

உறுத்தியது இதுதான். எழுபது வயதைத் தொட்ட ஒரு பெரியவர், தன் தந்தை இறந்த நாளைப் பற்றிப் பேசினார். சேலத்திலிருந்து இரவுப் பஸ் பிடித்தது, மழை, வழியில் பஸ் பழுதானது என்று போய்க்கொண்டிருந்தது. ஊருக்குள் நுழைகிறார், வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், அந்த இடத்தில் நேரம் பார்ப்பவர் சிவப்பு அட்டையைத் தூக்கினார். பெரியவர் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அவர் பாதி வாக்கியத்தில் நின்று, எங்களைப் பார்த்து, "நன்றி" என்று சொல்லி இறங்கிவிட்டார். எல்லோரும் தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

இது பயிற்சியா, ஆலைச் சங்கா? உறுப்பினராகச் சேரும் படிவம் கையில் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பொதிகைக்காற்று | ஞாயிறு, இரவு 10.05

நண்பரே, படிவத்தைக் கிழித்துவிடுங்கள். பேச்சைக் கற்க அமெரிக்காக்காரனிடம் சந்தா கட்ட வேண்டிய நிலைக்கா நாம் வந்துவிட்டோம்? அவையஞ்சாமைக்கு என்று திருக்குறளில் தனி அதிகாரமே உண்டு. விடிய விடியப் பட்டிமன்றம் கேட்ட ஊர் எங்கள் ஊர். ஆற்று மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தால் கோழி கூவும்போதுதான் நடுவர் தீர்ப்புச் சொல்வார். அந்த மேடைகளில் எவன் பச்சை அட்டை காட்டினான்? அப்பா செத்த கதைக்கு மணியடிப்பதை எங்கள் பக்கத்தில் வேறு பெயரால் சொல்வோம்.

---

ஒலிவாங்கி | திங்கள், காலை 6.48

பதினான்கு ஆண்டுகளாக இதில் இருக்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. வழக்கமான தயாரித்த பேச்சுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம். ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. சிவப்பைக் கண்டதும் வாயை மூட வேண்டும் என்று பொருள் இல்லை. அதன்பிறகும் முப்பது வினாடி இருக்கிறது. ஏழரையைத் தாண்டினால் அன்றைய சிறந்த பேச்சாளர் ஓட்டெடுப்பில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். மணி அடிப்பது அந்தந்த மன்றத்தின் பழக்கம். எங்கள் மன்றத்தில் மணி கிடையாது. நீங்கள் போன இடத்தில் அன்று அடித்திருக்க வேண்டாம் என்பதே என் எண்ணமும்.

ஆனால் நூல்கண்டு அவர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. அந்தப் பெரியவரின் ஏழு நிமிடத்தில் பஸ் பழுதான கதை எத்தனை நிமிடம்? அப்பா எத்தனை நிமிடம்?

பொதிகைக்காற்று அவர்களுக்கு: அவையஞ்சாமை எழுபத்து மூன்றாவது அதிகாரம். அதற்கு முந்தையது எது? அவையறிதல். எதிரே இருப்பவர் யார், எவ்வளவு கேட்பார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அஞ்சாமை. விடிய விடியக் கேட்ட ஊர் என்கிறீர்கள். சித்திரை, பத்தரை, நித்திரை என்று நாலே வரியில் அண்ணா முடித்துக்கொண்டதாகச் சொல்லும் கதையையும் அதே ஊர்தான் இன்றுவரை சொல்லி மகிழ்கிறது.

அமெரிக்கச் சரக்கு என்பது உண்மை. ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1905-இல் இல்லினாய் மாநிலத்து புளூமிங்டன் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தபோது, அங்கே வரும் இளைஞர்களுக்கு நாலு பேர் முன்னால் பேச வரவில்லை என்று கண்டு தொடங்கினார். இன்றைய அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொள்வது கலிபோர்னியாவில் சாண்டா அனாவில் அவர் கூட்டிய 1924 அக்டோபர் 22 கூட்டத்தை. விருந்துகளில் பேச்சாளர்களை அறிமுகப்படுத்தி நிகழ்ச்சியை நடத்துபவருக்கு அங்கே டோஸ்ட்மாஸ்டர் என்று பெயர்; அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். என் மாமனார் முதல் மூன்று மாதம் நான் ரொட்டி சுடக் கற்கப் போகிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

கைகுலுக்கும் விஷயம்: மேடை ஒரு நொடிகூட ஆளில்லாமல் இருக்கக் கூடாது என்பது மரபு. ஓட்டப் பந்தயத்தில் கோலைக் கைமாற்றுவது போல. முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

---

கரும்பலகை | திங்கள், மாலை 7.30

இந்த இழைக்காகவே பல மாதம் கழித்து உள்ளே வருகிறேன். நான் பள்ளி ஆசிரியை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன் எனக்குப் பயமே கிடையாது. ஆண்டு விழாவில் ஒலிபெருக்கி முன் நிற்கச் சொன்னால் மட்டும் அன்று எனக்குக் காய்ச்சல் வந்துவிடும், நிஜமாகவே.

காரணம் எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் பேச்சுப் போட்டி. தமிழையா எழுதிக் கொடுத்ததை இரண்டு வாரம் உருப்போட்டேன். "மாண்புமிகு நடுவர் அவர்களே, அவையோர்களே" என்று தொடங்கி, வலது கையை எப்போது தூக்க வேண்டும் என்பதுவரை பாடம். மூன்றாவது பத்தியில் ஒரு சொல் வரவில்லை. ஒரே ஒரு சொல். அது வராததால் அதற்குப் பின்னால் இருந்த எதுவுமே வரவில்லை, சங்கிலி அறுந்தது போல. நின்றேன். யாரோ சிரித்தார்கள். இருபத்தேழு வருடம் மேடை ஏறவில்லை.

மன்றத்தில் என் முதல் பேச்சையும் அதே போல உருப்போட்டுத்தான் போனேன். இந்த முறை மறக்கவில்லை. ஆறு நிமிடத்துக்குள் கச்சிதமாக முடித்தேன். பெருமையாக உட்கார்ந்தேன். மதிப்பீட்டாளர் எழுந்தார். கல்லூரி மாணவி, என் மகள் வயது இருக்கும். அவர் சொன்னார்: "அம்மா, இந்த அறையில் பதினொரு பேர் இருக்கிறோம். நீங்கள் மைதானத்துக்குப் பேசினீர்கள்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம் அந்தப் பெண்ணைத் திட்டினேன்கூட. ஆனால் இரவு பாத்திரம் கழுவும்போது யோசித்துப் பார்த்தால், அன்று என் எதிரே யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒருவர் முகமும் நினைவில் இல்லை. அவள் சொன்னது அப்படியே சரி.

ஆகவே நூல்கண்டு தம்பி, அட்டையையும் மணியையும் விடுங்கள். அந்தப் பெரியவரின் பேச்சுக்கு மதிப்பீட்டாளர் என்ன சொன்னார்? அதை எழுதவில்லையே.

---

முன்னாள் பொருளாளர் | திங்கள், இரவு 9.55

எல்லோரும் இனிப்பையே பரிமாறுகிறீர்கள். கொஞ்சம் பாகற்காயும் இருக்கட்டும்.

நான் ஒரு மன்றத்தில் ஆறு வருடம் இருந்து வெளியே வந்தவன். பெயர் வேண்டாம். சந்தா ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரங்களில் கூட்டத்தின் முகமே மாறிவிடும். விருந்தினர் வந்தால் பேச்சைக் கேட்க விடாமல் படிவத்தை நீட்டுவார்கள். மன்றங்களுக்குப் பத்து இலக்குகள் கொண்ட ஒரு மதிப்பெண் திட்டம் இருக்கிறது. ஜூன் கடைசிக்குள் அதை நிறைவேற்றக் காட்டும் வேகத்தில் ஒருவரே ஒரு மாதத்தில் ஐந்து பேச்சுப் பேசுவார். கேட்பவர்கள் பாவம்.

மதிப்பீடு என்கிறார்கள். எங்கள் மன்றத்தில் மூன்று நிமிடத்தில் இரண்டே கால் நிமிடம் புகழ்ச்சி. "அருமையான உடல்மொழி, ஆழமான கருத்து, இன்னும் கொஞ்சம் சிரித்திருக்கலாம்." எனக்கு ஆறு வருடமும் 'இன்னும் கொஞ்சம் சிரித்திருக்கலாம்'தான். நான் நடுவில் மாமியார் மறைவைப் பற்றிப் பேசியபோதும் அதுவே.

---

ஒலிவாங்கி | திங்கள், இரவு 10.20

கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நீங்கள் சொல்லும் குறை உண்மை. அதனால்தான் மூன்று கூட்டமாவது சும்மா உட்கார்ந்து கேளுங்கள் என்கிறேன். பேச்சாளர்களை அளக்க வேண்டாம், மதிப்பீட்டாளர்களைக் கவனியுங்கள். பேச்சில் வந்த ஒரு வாக்கியத்தையாவது அப்படியே திருப்பிச் சொல்லி, அதில் என்ன நடந்தது என்று சொல்கிறாரா? அப்படி இரண்டு பேர் இருந்தாலே அந்த மன்றம் தேறும்.

---

தேக்காவாசி | செவ்வாய், பிற்பகல் 1.15

சிங்கப்பூரிலிருந்து. இங்கும் தமிழில் நடக்கும் மன்றங்கள் உண்டு. 'வந்து' எண்ணுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன், ஏனென்றால் அது எங்களிடம் ஒரு கூட்டத்தையே கவிழ்த்தது.

ஆங்கிலத்தில் நிரப்புச் சொற்களை எண்ணுவது எளிது. தமிழில் 'வந்து' எப்போது நிரப்பு, எப்போது வினை? ஒருவர் பேச்சில் பத்தொன்பது 'வந்து' என்று குறிப்பாளர் அறிவித்தார். பேசியவர் எழுந்து, "அதில் நான்கு முறை நான் உண்மையிலேயே வந்தேன்" என்றார். ஊரிலிருந்து வந்து, வேலைக்கு வந்து... இருவரும் தாளை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார்கள். கடைசியில் பதினைந்து என்று சமரசம்.

'அதாவது', 'ஆக', 'என்ன சொல்ல வருகிறேன் என்றால்' இவையும் அப்படியே. என் சொந்த நோய் 'பார்த்தீர்களென்றால்'. அதை ஒருவர் எண்ணிச் சொல்லும் நாள்வரை எனக்கு அப்படி ஒரு சொல் என் வாயில் இருப்பதே தெரியாது. இப்போது மனைவியிடம் பேசும்போதுகூட அது வரும் முன் ஒரு கணம் நிற்கிறேன். "என்ன யோசனை?" என்கிறார்.

இன்னொரு தகராறு, எந்தத் தமிழில் பேசுவது? எங்கள் இலக்கண அலுவலர் ஒருவர் பேச்சு வழக்கு வந்தாலே சிவப்பு மையில் குறிப்பார். பாட்டியைப் பற்றிப் பேசுகிறவர் பாட்டி பேசியதை ஏட்டுத் தமிழில் சொன்னால் பாட்டி செய்தி வாசிப்பாளர் ஆகிவிடுகிறார். கதைசொல்லியின் பேச்சு ஒரு நடை, பாத்திரத்தின் பேச்சு அதன் நடை என்று விட்டுவிட்டோம். இதற்கே எட்டு மாதம் ஆயிற்று.

---

பனங்காய் | செவ்வாய், மாலை 6.02

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்கச் சரக்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். 2014-இல் கோலாலம்பூரில் நடந்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் பேச்சுப் போட்டியில் வென்றவர் எங்கள் நாட்டவர், தனஞ்சய ஹெட்டியாராச்சி. அடுத்த ஆண்டு வென்ற முகமது கஹ்தானி சவுதிக்காரர், சிறுவயதில் திக்கிப் பேசியவர். 2016, 2017 இரண்டும் சிங்கப்பூருக்குப் போயின. தேக்காவாசி அடக்கமாக அதைச் சொல்லாமல் விட்டார். உலகப் போட்டியிலும் அதே ஐந்து முதல் ஏழு நிமிடம்தான். ஏழரையைத் தாண்டினால் எவ்வளவு வடிவாகப் பேசியிருந்தாலும் தகுதி போய்விடும்.

அரை நூற்றாண்டு முன்புவரை இதில் பெண்களைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1973-இல்தான் கதவு திறந்தது. கரும்பலகை அக்காவின் பதிவை வாசித்ததும் நினைவுக்கு வந்தது.

---

நூல்கண்டு | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, பிற்பகல் 2.40

தாமதத்துக்கு மன்னிக்கவும். இன்று நான்காவது முறை போனேன். இரண்டு செய்திகள்.

ஒன்று, பெரியவர். கரும்பலகை அக்கா கேட்டதற்குப் பதில்: போன முறை அவருடைய மதிப்பீட்டாளர், "பஸ்ஸை நாலரை நிமிடம் ஓட்டினீர்கள் ஐயா, அப்பா வர இடம் இல்லை" என்றுதான் சொன்னார். அன்று எனக்கு அது கல்நெஞ்சாகப் பட்டதால் இங்கே எழுதவில்லை. இன்று தேநீர் வேளையில் பெரியவரிடமே கேட்டேன், அன்று வருத்தமாக இல்லையா என்று. அவர் சுண்டல் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "வீட்டில் நான் 'சேலத்திலிருந்து பஸ் ஏறினேன்' என்று ஆரம்பித்தாலே பேரன் எழுந்து போய்விடுவான். இங்கே ஏழு நிமிடம் அசையாமல் கேட்டார்களே." மணியைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. நான்தான் இரண்டு வாரமாக அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

இரண்டாவது, என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். முன்தயாரிப்பு இல்லாமல் பேசும் சுற்று. தலைப்பை நடத்துபவர் அப்போதுதான் சொல்வார், ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். விருந்தினர் மறுக்கலாம். மறுக்கத்தான் எழுந்தேன், எப்படியோ நடந்து முன்னால் போய்விட்டேன். தலைப்பு: உங்கள் வீட்டில் யாரும் தூக்கிப் போட மனம் வராத ஒரு பொருள்.

என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்ச் சுவரில் இருந்த மின்விசிறிச் சுவிட்சு. கால் முட்டி தனியாக ஆடியது. அப்பாவின் அடுக்குப் பாத்திரம் நினைவுக்கு வந்தது. மூன்றடுக்கு, பித்தளைக் கொக்கி. அப்பாவும் மில் தொழிலாளிதான், இரவு ஷிஃப்டுக்கு அதில்தான் சோறு போகும். மேல்மூடியில் ஒரு நெளிசல் உண்டு. அதைச் சொல்லும்போது என் கை தானாக எழுந்து, கட்டைவிரலால் காற்றில் அந்த நெளிசலை அழுத்திக் காட்டியது. அதன்பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அவ்வளவுதான்" என்று சொல்லி வந்துவிட்டேன். பச்சை அட்டையே எழவில்லை. ஐம்பத்திரண்டு வினாடி. 'வந்து' ஆறு, 'அ' நான்கு.

மதிப்பிட்டவர் சொன்னது: "முதல் நாற்பது வினாடி உங்கள் குரல் நடுங்கியது. மூடியின் நெளிசலைக் கையால் காட்டியபோது நடுங்கவில்லை. நீங்கள் கவனித்தீர்களா?"

கவனிக்கவில்லை.

---

கரும்பலகை | ஞாயிறு, பிற்பகல் 3.05

அந்த மதிப்பீட்டாளரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேறெதுவும் நான் சொல்லப் போவதில்லை.

---

முன்னாள் பொருளாளர் | ஞாயிறு, மாலை 4.11

இன்னும் கொஞ்சம் சிரித்திருக்கலாம்.

---

பொதிகைக்காற்று | ஞாயிறு, மாலை 5.50

ஐம்பத்திரண்டு வினாடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? எங்கள் ஊரில் அவை வணக்கமே ஐந்து நிமிடம் ஓடும். என் கருத்தில் மாற்றமில்லை, அட்டை காட்டுவது அட்டை காட்டுவதுதான்.

அது இருக்கட்டும். அந்த மூடியில் நெளிசல் எப்படி விழுந்தது? சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

---

நூல்கண்டு | வியாழன், இரவு 10.33

படிவம் கொடுத்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் முதல் பேச்சு. என்னை நானே அறிமுகம் செய்துகொள்ளும் பேச்சு, நான்கு முதல் ஆறு நிமிடம். அடுக்குப் பாத்திரத்தையே எடுத்துக்கொண்டேன். பொதிகைக்காற்று ஐயா, நெளிசல் கதை அதில் வருகிறது: மில் கதவடைப்பு நாளில் அப்பா கோபத்தில் அதைத் தரையில் அடித்தார். எழுதி வைத்து உருப்போடவில்லை, ஐந்து இடங்களை மட்டும் மனதில் வைத்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், வீட்டில் கடிகாரம் வைத்துப் பேசிப் பார்த்தால் மூன்று நிமிடம் நாற்பது வினாடியில் முடிந்துவிடுகிறது.

---

ஒலிவாங்கி | வெள்ளி, காலை 6.30

மேடையில் இன்னும் வேகமாக ஓடுவீர்கள். மூன்றரைக்குக் கீழே போனால் ஓட்டெடுப்பில் பெயர் வராது; முதல் பேச்சுக்கு அது முக்கியமும் இல்லை. கதவடைப்பு நாளுக்கு எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறீர்கள்?

---

நூல்கண்டு | வெள்ளி, இரவு 9.20

இருபது வினாடி.

ஆனால் இப்போது அதுவும் போயிற்று. இன்று மனைவி முன்னால் பேசிக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மூடியை நெளித்தது மாமா இல்லையே, சின்ன வயதில் நீங்கள் அதன்மேல் ஏறி நின்றீர்கள் என்றல்லவா அத்தை சொன்னார்கள்" என்கிறாள். ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் கேட்டேன். ஆமாம் என்கிறார். அப்பா அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லையாம், கட்டைவிரலால் நிமிர்த்திப் பார்த்துவிட்டு அப்படியே எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாராம்.

கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.